பஸ் கூட்டத்தில் நான் சொன்ன பொய்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்கா வீட்டாரும் நலமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் முட்டிவலி மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும் வருகிறது, டிவி ரிமோட்டை எடுக்க எழுந்தால் வருவதில்லை. அக்காவின் பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லையப்பா. இரண்டு முறை வீடியோவில் கூப்பிட்டுவிட்டு, என்ன சமைத்தாய் என்று கேட்டு வைத்துவிட்டேன். அக்கா சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்து டீசல் பஸ்களை மாற்றி மின்சார பஸ் வாங்க அரசாங்கம் உதவிநிதி தருவதாக அறிவிப்பு வந்தது. நகரத்துக் காற்று கெட்டுப் பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி அதிகமாகிறது என்று, செலவில் பெரும்பங்கை அவர்களே ஏற்கிறார்களாம். மீதியைப் பள்ளி போட வேண்டும், அதற்குப் பெற்றோர் கூட்டத்தில் சம்மதம் வாங்கி மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பெரிய டீச்சர் ஓடி ஓடி வேலை பார்த்தார். ஆனால் எங்கள் மெக்கானிக், கரன்ட் பஸ் வந்தால் ஐம்பது வயது தாண்டின டிரைவரை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஷெட்டில் கிளப்பிவிட்டார். எனக்கு ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருஷம் பிடித்த ஸ்டீயரிங். நீங்க பேசினா எல்லாரும் கேப்பாங்க, எந்திரிச்சு ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா என்று அவர் சொன்னதும் எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். இந்த வண்டி நல்ல வண்டி, என்னைப் பாருங்கள், எனக்கு என்ன குறை என்று ஆரம்பித்தேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். யாரோ ஓர் அப்பா, பிள்ளைகள் நெஞ்சு உங்கள் நெஞ்சு மாதிரியா என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "எம்மவன் பத்து வருஷம் இதே பஸ்லதான் வந்தான். ஒரு இருமல்கூட இருந்ததில்ல" என்றேன். கை தட்டினார்கள். கை தூக்கச் சொன்னபோது வேண்டாம் என்ற பக்கம்தான் ஜெயித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் உன்னையே மறைத்துவிட்டேன். உன் பள்ளிப் பையில் டிபன் பெட்டிக்கு முன்னால் இன்ஹேலரை வைத்து அனுப்பியவள் நான்.

பத்து நாள் கழித்து ஒரு மழை நாள். பாலத்தின் மேல் வண்டிகள் நகரவே இல்லை, கண்ணாடியெல்லாம் மூடியிருந்தோம், முன்னால் நின்ற லாரிப் புகையும் எங்கள் புகையும் சேர்ந்து உள்ளே சுற்றியது. இரண்டாவது சீட்டில் உட்காரும் பட்டாணிக்கு இழுப்பு வந்துவிட்டது. ஏழு வயது, குள்ளமாக இருப்பாள் என்று பிள்ளைகள் வைத்த பெயர். உதடு நீலம் பாரித்துவிட்டது. நான் இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்பக்கம் சாய்த்து, பையில் கைவிட்டு மருந்தை எடுத்து, எண்ணி எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னேன். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கூட வரும் ஆயம்மா பயந்துபோய், இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும் என்றாள். "எம்மவனுக்கும் இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பஸ் முழுக்கப் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டாணி தேறிவிட்டாள். மறுநாள் அவள் அம்மா நிறுத்தத்தில் காத்திருந்தாள். தையற்கடையில் வேலை, கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். முதலில் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அப்புறம், "அன்னிக்கு உங்க மகனுக்கு ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களேக்கா. அதக் கேட்டுத்தான் நானும் வேணாம்னு கை தூக்கினேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கதவை மூடி வண்டியை எடுத்தேன், அன்றைக்கு ஒரு நிறுத்தத்தை நிற்காமலே தாண்டிவிட்டேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விண்ணப்பத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, பெற்றோர் முன்னால் நீங்களே சொல்வீர்களா என்று மட்டும் கேட்டார். மறுபடி கூட்டம் கூட்டினார். அதே இடத்தில் நின்று, நான் சொன்னது பொய், என் மகன் இழுப்போடு வளர்ந்தவன், வேலை போய்விடும் என்று பயந்து அவனை வைத்துப் பொய் சொன்னேன் என்றேன். யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர், "இவங்கள நம்பியா பிள்ளைங்கள அனுப்புறோம்" என்றார். சரிதானே. அப்புறம் கை தூக்கினார்கள், சம்மதம் கிடைத்தது.

பத்து கேட்டதற்கு நான்கு பஸ் வந்திருக்கிறது, சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நிற்கிறது. மீதி அடுத்த வருஷம் பார்ப்பார்களாம். நான்கும் தூரத்து வழிகளுக்குப் போய்விட்டது, என் வழிக்கு இல்லை. டிரைவர் பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள், வயதை யாரும் கேட்கவே இல்லை. மெக்கானிக் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பட்டாணி இன்னும் என் வண்டியில்தான் வருகிறாள், அவளுக்கு வேறு வழியில்லை. பள்ளி வாசலில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்துவிடுகிறேன், வேறு என்ன செய்ய.

கூட்டத்தில் சொல்லாத ஒன்று பாக்கியிருக்கிறது, அது உனக்கு மட்டும். உனக்கு எட்டு வயதிருக்கும்போது டாக்டர் கேட்டார், இவனுக்கு எப்போது அதிகமாக வருகிறது என்று. தூசி பட்டால் என்றேன். இன்ஜினை ஒட்டிய முன்சீட்டில் நீ வராத பள்ளிக்கூட லீவில் உனக்கு ஒரு நாளும் இழுப்பு வந்ததில்லை. அது எனக்குத் தெரியும் கண்ணா. அப்போதே தெரியும்.

நீ நூறு வயது நல்ல மூச்சோடு இருக்க வேண்டும். குளிர் தொடங்குகிறது என்றாயே, இன்ஹேலர் தேதி தாண்டிவிட்டதா என்று இன்றைக்கே பார். படித்துவிட்டுப் போன் செய்யாதே, எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன்னை முன்சீட்டில் உட்காரவைத்த
அம்மா