பெயரில் ஒட்டியிருந்த சொல்

மார்ச் 3
நீயே சொல்லு சாமி, வேகாததை வெந்துடுச்சுன்னு சொல்லிப் பரிமாறினா பாவமா இல்லையா? கும்பிடும்போதுகூட ஆத்திரம் அடங்கவில்லை.

மற்றவர்கள் மென்பொருள் எழுத அடித்தளமாக ஒன்றை அக்கா மகள் வேலை பார்க்கும் கம்பெனி தருகிறது. அதில் சில பகுதிகள் உறுதியானவை. சில, நாளைக்கே மாறக்கூடியவை. எது எது என்று அறிவிப்பு எழுதுவது இவள் வேலை. அறிவிப்பை எவனும் படிப்பதில்லை என்று, மாறக்கூடியவற்றின் பெயருக்கு முன்னாலேயே 'சோதனை' என்று ஒட்டிவைத்தாள். "கையால டைப் அடிக்கும்போதாவது உறைக்கும் சித்தி."

இன்று புதுப் பதிப்பின் வெளியீட்டு விழா. அந்தச் சொல்லைப் பெயரிலிருந்தும் அறிவிப்பிலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டாராம் மேனேஜர். "பார்க்க அசிங்கமா இருக்கு. எவன் கைதட்டுவான்?"

மார்ச் 4
கைதட்டினார்களாம். தட்டட்டும்.

ஏப்ரல் 9
சோதனைப் பகுதியை மாற்றிவிட்டார்கள். அதை நம்பி மற்றவர்கள் எழுதிய மென்பொருளெல்லாம் படுத்துவிட்டது. எங்கேயோ ஒரு மருந்துக்கடையில் பில் போட முடியவில்லையாம். திட்டெல்லாம் இவளுக்கு. அறிவிப்பில் இவள் பெயர்தானே! பொய்க்காரின்னு எழுதியிருக்கான் ஒருத்தன். அவன் நாக்கு... வேண்டாம். மன்னிச்சிடு சாமி.

ஏப்ரல் 10
மேனேஜர் போனில். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "நாம தெளிவாத்தான் சொன்னோம், அவங்கதான் படிக்கலைன்னு உன் பேர்ல ஒரு விளக்கம் போடும்மா. இல்லேன்னா உன் வேலையப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்."

அம்மாவாம்! யாருக்குடா அவ அம்மா? தட்டை நங்கென்று வைத்தேன். "போடாதடி"ன்னேன்.

"வேலை போனா, சித்தி?"

நீயே பதில் சொல்லு சாமி.

ஏப்ரல் 11
விளக்கம் போட்டுவிட்டு வந்து படித்துக் காட்டினாள். "அது சோதனைப் பகுதி. அதை உங்களிடம் நாங்கள் சொல்லவில்லை. 'சோதனை' என்ற சொல்லை நீக்கியவள் நான்."

"நீயா நீக்குன? அந்தாளு பேரைச் சொல்லேன்டி! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவர் சொன்னார். எடுத்த கை என்னோடது சித்தி."

அழுத்தக்காரி! எங்க அக்காவேதான்.

ஏப்ரல் 30
வேலை போகவில்லை. ஆனால் அறிவிப்பு எழுதுவதை இவளிடமிருந்து பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. இன்றைய வெளியீட்டில் 'சோதனை' பழையபடி பெயரிலேயே இருக்கிறதாம். தன் யோசனை என்று மேனேஜர் மேடையில் சொன்னாராம். வயிறு எரியுது சாமி! இவள் சிரிக்கிறாள்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அந்த விளக்கத்துக்குக் கீழே யாரோ கேட்டிருந்ததையும் படித்துக் காட்டினாள்: "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. அடுத்த அறிவிப்பும் நீங்கதானே எழுதுவீங்க?"