சொதிக்குள் போன ஆர்க்டிக் மீன்கள்

மச்சான்,

இன்று காலை ஆய்வுகூடத்தில், உறைந்திருந்த கடல்நாய் வயிறு ஒன்றை இளகுவதற்காகத் தண்ணீரில் போட்டேன். ஐஸ் இளகியதும் அதே வாடை, மீனும் பழைய எண்ணெயும் கலந்தது. பக்கத்து மேசைக்காரி எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தாள். எனக்கு நாம் இருவரும் ஒன்றாக இருந்த பார்க்டேல் அப்பார்ட்மென்ட்டின் குசினி, நீ சமைக்கும் அந்த மூலை, நினைவுக்கு வந்தது.

என் வேலை உனக்கு விளங்கியது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆர்க்டிக்கில் பனிக்கடியில் இருக்கும் சின்ன இறாலைக் கொட் மீன் தின்னும், அந்த மீனைக் கடல்நாய் தின்னும், கடல்நாய் மூச்சுவிட வரும் ஓட்டையடியில் கரடி காத்துக் கிடக்கும். தின்ற மீன் வயிற்றில் கரைந்துபோனாலும் அதன் தலைக்குள் இருக்கும் காதுக்கல் மிஞ்சும். கல்லை அளந்தால் மீனின் நீளம் தெரியும். இதைச் சொன்னபோது, "அதுகள் திண்டதை நீ ஏன்ரா கிண்டுறாய்?" என்றாய்.

கடலில் கிடக்கும் மீனில் எந்த அளவைக் கடல்நாய் தெரிவுசெய்து தின்கிறது என்று பார்க்க, அதே இடத்தில் பிடித்த மீனும் வேண்டும். கப்பல் வருடத்துக்கு ஒருமுறைதான் போகும். ஆய்வுகூடத்துப் பிறீசர் பழுதாக, அப்படிப் பிடித்துவந்த மீன் பையை வீட்டுப் பிறீசரில் கொண்டுவந்து வைத்தேன். நான் வெறும் பாணில் சீவிக்கிறேன் என்று இரங்கி, நீ அதை எடுத்துத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்துவிட்டாய்.

வெறும் பையையும் அடுப்பில் சட்டியையும் கண்டதும், குசினி வாசலில் நின்றே கேட்டேன்: "தேசிக்காய் விட்டிட்டியோ?"

"இறக்கினாப் பிறகெல்லோ விடுறது. அதுவும் தெரியாதோ?"

ருசியில் பிழை பிடிக்கிறேன் என்று நினைத்தாய். தேசிக்காய்ப் புளி பட்டால் காதுக்கல் கரையும், பிறகு அளக்க முடியாது. சட்டியைப் பறித்து வடித்தேன். நல்லகாலம், நம்மாட்கள் சொதிக்குத் தலையை எறிவதில்லை. ஒவ்வொன்றாகப் பிளந்து கற்களை எடுத்தேன். நீ சுவரோடு நின்று பார்த்தாய்.

என் படிப்பு ஒரு வருடம் பிந்தியது. இவன்ரை படிப்பைச் சொதி வைச்சவன் நான் என்று வருகிறவர்களிடமெல்லாம் பகிடி விட்டாய். பிறகு பகிடி நின்றுபோனது. நான் அதைக் கவனிக்கவில்லை.

போன மாரிக் குளிரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாப்பாடு இறங்காத நாட்களில் சொன்னாய்: "என்னாலைதானே உனக்கு ஒரு வருசம் போச்சு."

"இல்லை."

"சாகிறவனுக்கெண்டு சொல்லாதை."

நான் எப்போது யாருக்கு ஆறுதல் சொன்னேன் என்று கேட்டேன். எல்லாக் கல்லும் கிடைத்தது, எல்லா நீளமும் வந்தது என்றேன்.

"அப்ப ஏன் பிந்தினது?"

"களைச்சுப் போனன் மச்சான். காலமை போய் மேசையிலை இருப்பன். ஒண்டும் செய்யமாட்டன்."

அதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. குற்றமில்லாத மீனைப் போட்டு இவ்வளவு காலமும் திட்டினேனே என்றாய். பிறகு, கடைசியில் என்னத்தைக் கண்டுபிடித்தாய் என்று கேட்டாய். பெரிய மீன் இருக்கவும் கடல்நாய் கூடுதலாகச் சின்னதைத்தான் தின்கிறது, பெரிசைத் துரத்தச் சக்தி கூடச் செலவாகும்போல என்றேன்.

"அதுக்கும் களைப்புத்தான்," என்றாய். சேலைன் குழாயோடு மெல்ல ஒதுங்கி, கட்டிலில் எனக்கு இடம் விட்டாய். "கொஞ்சம் சரிஞ்சு கிட."

சப்பாத்தோடு கிடந்தேன். நித்திரையும் கொண்டுவிட்டேன். நேர்ஸ் வந்துதான் எழுப்பினாள்.

படிப்பு முடிந்தது. வேலையும் கிடைத்தது. நீ செத்துப்போன பிறகு, எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு, இருக்கிறன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். உன்னிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. இன்றைக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது, மச்சான்.