பந்து உருண்டையாகிவிட்டது

ஏங்க,

எழுப்ப மனசு வரவில்லை. ஓவிய வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. முட்டையை மட்டும் தொடாதீர்கள், அடுத்து அதைத்தான் வரையப் போகிறேன். ஐந்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார்.

காலையில் என் படத்தைப் பார்த்து, "இது பந்தா, தட்டா?" என்று சிரித்தீர்கள் அல்லவா? ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். உருண்டை! தொட்டால் உருண்டோடிவிடும்!

நான் ரப்பரை விட்டெறிந்ததற்குக் கோபித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்களே, அப்போது ஜன்னல் வெளிச்சம் உங்கள் வழுக்கையில் விழுந்தது. அதைப் பார்த்துத்தான் பந்தை மறுபடி வரைந்தேன். உச்சியில் வெள்ளையாக ஒரு பொட்டு, அங்கே பென்சிலே படவில்லை. அப்புறம் மெல்ல மெல்லக் கறுப்பு. ஆனால் கடைசி ஓரம் கறுப்பில்லை! தலையணை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது! டீச்சர் மூன்று வாரமாகத் தொண்டை கிழியச் சொன்னது, உங்கள் ஒரு குறட்டைத் தூக்கத்தில் புரிந்துவிட்டது.

பி.கு.: குழாய்க்காரர் படத்தையும் உங்கள் தலையையும் மாறி மாறிப் பார்த்தால் நான் பொறுப்பில்லை.

தாளின் ஓரத்தில் இன்னும் இடமிருக்கிறது: கோபம் தீர்ந்திருந்தாலும் நாளைக்கும் சுவர்ப் பக்கமே படுங்கள். காது பாக்கி.