கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் எனது பரிந்துரைச் சீட்டு

அனுப்புநர்:
நில அளவையர் (வயது 50),
ஆண்கள் பொது வார்டு 14ஆம் படுக்கையில் சிகிச்சை பெற்றவர்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: கல்லீரல் சீழ்க்கட்டி – சிறப்பு மருத்துவரைக் காணும் வரிசை மீறப்பட்டது – முறையீடு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் மனைவியின் தங்கை கணவரும் ஒரே வீட்டின் மேல், கீழ்த் தளங்களில் குடியிருக்கிறோம். குடிநீர்த் தொட்டி ஒன்றே. சென்ற மாதம் அதைக் கழுவும் முறை அவருடையது, கழுவப்படவில்லை. இருவருக்கும் கல்லீரலில் சீழ்க்கட்டி கண்டது. எனக்கு 7.4 செ.மீ.; விலாவில் குழாய் பொருத்தி ஒன்பது நாட்கள் வடித்தார்கள். அவருக்கு 3.9 செ.மீ.; மாத்திரையோடு முடிந்தது.

2. ஒரே நாளில் வீடு திரும்பினோம். இருவருக்கும் கல்லீரல் சிறப்பு மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு தரப்பட்டது. புதன்தோறும் எட்டுப் பேர் மட்டுமே. சீட்டைக் கண்ணாடிப் பெட்டியில் இட வேண்டும், இட்ட வரிசைப்படி அழைக்கப்படும் என 6ஆம் அறை வாசலில் அறிவிப்பு உள்ளது. நான் அன்றே இட்டேன். என் சகலை இடவில்லை. வாசலில் நின்ற செவிலியரிடம், “அக்கா, டாக்டர் என்னைப் பாக்க வேண்டாம். நான் அவரை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்” என்றார். செவிலியர் சிரித்துவிட்டார். அந்தப் புதனே ஒன்பதாவது ஆளாக உள்ளே சென்றார்.

3. மருத்துவர் அவருக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஒதுக்கி, அவரது கல்லீரலைத் தாளில் வரைந்தும் காட்டியுள்ளார். அப்படம் கீழ்த்தளத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி, “அவருக்குக் கேக்கத் தெரியுது. உங்களுக்கு எழுத மட்டும்தான் தெரியுது” என்றார்.

4. கடந்த வியாழன் முதல் எனக்கு மாலையில் 100.4 டிகிரி காய்ச்சல். வலது தோளில் வலி. ஸ்கேனில் கட்டி இன்னும் 3.1 செ.மீ. உள்ளது. மீண்டும் குழாய் வேண்டுமா என்பதைச் சிறப்பு மருத்துவரால் மட்டுமே முடிவு செய்ய இயலும் என்று வார்டு மருத்துவர் எழுதித் தந்துள்ளார்.

5. விசாரித்ததில், பெட்டியின் சாவியை வைத்திருந்தவர் மாற்றலாகிச் சென்றபின் அது திறக்கப்படவே இல்லை என அறிந்தேன். உள்ளே செல்வோர் அனைவரும் வாசலில் கேட்டுச் செல்பவர்களே. எனது சீட்டு கண்ணாடி வழியே தெரிகிறது. அதன் கீழே நான்கு சீட்டுகள் உள்ளன. அவர்கள் எனக்கு முந்தியவர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

6. இதை அறிந்த என் சகலை, “அண்ணே, புதன்கிழமை எனக்கு ரிவ்யூ டோக்கன் இருக்கு. அதுல நீங்க போயிட்டு வாங்க” என்றார். டோக்கன் பிறருக்கு மாற்றத்தக்கதல்ல என்று அதன் பின்புறமே அச்சிட்டிருப்பதால் மறுத்துவிட்டேன். அவர்மீது எனக்குப் பொறாமை உண்டு, மறைக்கவில்லை. பொறாமை இருப்பதால் என் காய்ச்சல் பொய்யாகிவிடாது.

ஆகவே பெட்டியைத் திறக்கவும், வரும் புதனன்றே அந்த நால்வருக்குப் பின் என் பெயரில் என்னை அழைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். சகலையின் டோக்கனை ரத்து செய்யுமாறு இம்மனுவின் முதல் வரைவில் கேட்டிருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டேன். அவருக்கும் கல்லீரல் ஒன்றுதான். அன்று இருவரும் ஒரே ஆட்டோவில் வருவோம். என்னை அவருக்கு முன்னால் அழைத்தால் போதும்.

இடம்: 6ஆம் அறை வாசல்
நாள்: திங்கட்கிழமை, காலை 9.40

தங்கள் பதிலை எழுத்தில் எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
நில அளவையர்