சொன்னதை மட்டும் எழுதும் கை

அக்கா,

பீரோவின் மேல்தட்டிலிருந்து, நீங்கள் என்னிடம் விட்டுப்போன பரீட்சை அட்டையை இறக்கினேன். கிளிப் துருவேறிக் கிடக்கிறது. துடைத்த பிறகும் விரலில் அந்த இரும்பு வாடை போகவில்லை. நாளைக் காலை இந்த அட்டையில் தாள் வைத்து, இன்னொருத்தி சொல்லச் சொல்ல நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டும்.

அவள் பெயர் முத்துலட்சுமி. திருச்சுழிப் பக்கம் ஒரு சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். பத்தாவது தேறினால் அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சமூக அறிவியல் மட்டும் பாக்கி. இரண்டு முறை போய்விட்டது. இந்த முறை நன்றாகப் படித்திருந்தாள். போன வாரம் சோறு வடிக்கையில் கஞ்சி கொட்டி வலது கை வெந்துவிட்டது. அவளுக்கு எழுத ஆசிரியர் யாரும் கிடைக்காமல், ஓய்வுபெற்ற என்னைக் கேட்டார்கள். சரியென்று சொல்லிவிட்டேன்.

நேற்று பழகிப் பார்க்க பாளையம்பட்டிக்கு என் வீடு தேடி வந்தாள். பருத்திக்கு ஏற்ற மண் எது என்று கேட்டேன். "செம்மண்ணு" என்றாள். எழுதியதைத் திருப்பி வாசித்தேன். "செம்மண்...?" என்று என் குரல் தானாக மேலே போயிற்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கரிசல், டீச்சர்! எங்க காட்டுல செம்மண்ணுலதான் போட்டோம், அதான் வந்துருச்சு. பாத்தீகளா, நம்ம ரெண்டு பேரும் சேந்தா பாஸுதான்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் நினைவு வந்தது.

நாம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தபோது, பார்வையில்லாத அந்த மாணவிக்கு நீங்கள் எழுதிய வருடம். தனி அறை, கண்காணிப்பாளர் நான். தாவரம் உணவு தயாரிக்க எடுக்கும் வாயு எது என்பதற்கு அவள் "ஆக்சிஜன்" என்றாள். உங்கள் பேனா நின்றது. பிறகு எழுதிற்று, அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு அது அதிக நேரம். கார்பன் டை ஆக்சைடு. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போனபோது நீங்கள் பெஞ்சிலேயே இருந்தீர்கள். வெளியே வந்து கேட்டேன். "அப்பம் வாங்க இந்தக் கையைத்தான நீட்டணும்? பொய்ச்சாட்சி எழுதுன கைடி இது" என்றீர்கள். "ஒரு மார்க்குதான அக்கா, பாவம் அந்தப் பிள்ளை" என்றேன். "பாவம்னு நெனச்சுத்தான் எழுதுனேன்" என்றீர்கள்.

மறுநாள் நரிக்குடி பஸ்ஸில் உங்களோடு வந்தேன். அந்த மாணவியின் வீட்டு வாசலில் ஆடுகள் வேப்பங்குழை தின்றுகொண்டிருந்தன. நீங்கள் சொல்லி முடித்து மன்னிப்புக் கேட்டதும் அவள் அழவில்லை, கோபப்பட்டாள்.

"நான் கேட்டனா டீச்சர்? ஏற்கெனவே 'ஒனக்கென்ன, டீச்சர்மாரு எழுதிக் குடுத்துருவாக'ன்னு ஊருல சொல்லுதாக. இல்லன்னு சண்டை போட்டுட்டு வந்தேன். இப்ப மத்த மார்க்கெல்லாம் யாருதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிட?"

திரும்பும் வழியெல்லாம் உங்கள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டே வந்தது.

நடந்ததைத் தேர்வுத் துறைக்கு எழுதினீர்கள். அந்த ஒரு மதிப்பெண்ணைக் கழித்தார்கள், அப்படியும் அவள் தேறியிருந்தாள். உங்களுக்கு மெமோ வந்தது. என்னைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. கேட்டதற்கு, "என் கையைப் பத்தித்தான் நான் எழுத முடியும்" என்றீர்கள். என் கண்ணைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஞாயிறுதோறும் போய் அப்பத்துக்குக் கையை நீட்டினேன்.

அதன் பிறகு நீங்கள் யாருக்கு எழுதப் போனாலும் முந்தின நாள் ஆசிரியர் ஓய்வறையில் என்னை உட்கார வைத்துத் தப்புத் தப்பாகச் சொல்லச் சொல்வீர்கள். "சூரியன் மேற்கே உதிக்கும்" என்பேன். வானிலை அறிக்கை மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வாசிப்பீர்கள். நான்தான் முதலில் சிரித்துவிடுவேன். "சிரிக்காத. கொரல்லயும் விடை சொல்லிக் குடுக்கலாம்" என்பீர்கள். அப்போது விளையாட்டாக இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் தப்பைக் கண்டதும் திருத்திப் பழகிய குரல் இது, அக்கா. பேனாவைக்கூட அடக்கிவிடுவேன் போலிருக்கிறது. குரலைப் பற்றித்தான் பயம்.

நேற்றே முத்துலட்சுமியிடம் அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பியதையும் மறைக்கவில்லை. அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெந்த கையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள். "அப்ப, நான் தப்பாச் சொல்லி பெயிலாப் போனா?"

"திரும்ப எழுதுவோம். அப்பவும் நான் வாரேன்."

"உங்களுக்கென்ன டீச்சர், ஈசியாச் சொல்லிட்டீக." டீயைக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். டம்ளரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேனா என்று இரவெல்லாம் புரண்டேன்.

சற்று முன் போன் செய்தாள். "கரிசல்னு நானே சொல்லுவேன் டீச்சர், அது இனி மறக்காது. மத்தது வந்தா வருது. நீங்க மூஞ்சிய மட்டும் ஒழுங்கா வச்சுக்கிடுங்க."

வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். அவள் தேற வேண்டும் என்று கேட்டேன். அது சுலபமாக வந்தது. பிறகு, அவள் செம்மண் என்றால் செம்மண் என்றே எழுதவும், அதை அதே குரலில் வாசிக்கவும் பெலன் தாரும் என்று கேட்டேன். அதற்குத்தான் குரல் நடுங்கிற்று. இப்போது உங்கள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத அறையில், சூரியன் மேற்கே உதிக்கும் என்று வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.