இரண்டு டயருக்கு மாட்டுகூலி

பிப்ரவரி 12, 1945. திங்கள்

பனி. எட்டு மணி வரை சிதம்பரம் கோயிலின் தெற்குக் கோபுரம் கண்ணில் படவில்லை.

டயர் பர்மிட் வந்துவிட்டது! நாலு மாதம், மூன்று மனு, ஆபீஸ் வாசலில் எத்தனை கும்பிடு. மோட்டார் சைக்கிள் டயர் 2, டியூப் 2. கடலூர் டீலரிடம் போய் வாங்கிக்கொள்ள வேண்டியது.

வாங்க வேண்டியவை: கார்பாலிக். பஞ்சு. ரப்பர் கையுறை (கிடைத்தால், யுத்தம் முடிகிற வரை கிடைக்காது). வீட்டுக்காரருக்கு மூக்குப்பொடி.

வண்டி எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார சர்வேயர் விற்றது. வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்துச் சைடுகாரில் மருந்துப் பையோடு. "லேடி டாக்டர் தொட்டில்ல போவுது பாருடி" என்று கீழ வீதியில் சிரிப்பு. சிரிக்கட்டும். பின் டயரில் ரப்பர் போய்த் துணி தெரிகிறது. பழைய பெல்ட்டைச் சுற்றிக் கட்டி ஓட்டுகிறோம்.

அவசரம் செல்லத்துக்காக. காட்டுமன்னார்கோயில் தாண்டி, ஏரிக்கரை ஊர். இது அவளுக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் குறுக்கே கிடந்து, கை முதலில் வந்து, யாரோ இழுத்து, செத்துப் பிறந்தவை. இதுவும் குறுக்கேதான். போன மாதம் வயிற்றுக்கு வெளியிலிருந்தே குழந்தையைத் திருப்பிவிட்டேன், அடுத்த வாரமே பழையபடி. அவள் மாமனார் டவுனுக்கு அனுப்ப மாட்டார். "எங்க வூட்டுப் பொண்ணு ஆஸ்பத்திரியில பெக்கறதா?" முதல் வலியிலேயே ஆள் அனுப்பு, வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். கணக்குப்படி இருபதுக்கு முன்பின். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் நினைத்தால் வரும், நாலு மைல் முன்னாலேயே இறக்கிவிடும். மாட்டு வண்டி என்றால் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பிப்ரவரி 13. செவ்வாய்

இரண்டு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு காலை ரயில். ஒன்று அவர் தோளில், ஆண்கள் பெட்டியில். ஒன்று பெண்கள் பெட்டியில், என் மடியில். புடவை முழுக்கக் கிரீஸ். எதிரே ஒரு அம்மாள்: "இது என்னாம்மா, ராட்டையா?" ஆமாம், காந்திக்கு நூற்கப் போகிறேன் என்றேன். நம்பிவிட்டாள்.

டீலர் கடையில் டயர்கள். பழுப்புக் காகிதம் சுற்றி. புது ரப்பர் வாசனை! மூன்று வருஷமாயிற்று இந்த வாசனை பிடித்து. பர்மிட்டில் கையெழுத்து, முத்திரை, பணம்.

மாட்டுவதற்கு ஓ.டி.யில், அதாவது பழைய கடலூரில், சவரிமுத்து என்றார் டீலர். துறைமுகம் பக்கம் தகரக் கொட்டகை. ஐம்பது வயசிருக்கும், கழுத்தில் சிலுவை, வாயில் வெற்றிலை. டயர் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் மாட்டுகூலியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்பா, அரை மணி நேர வேலைக்கு ரெண்டு ரூபாயா?"

அவன் சக்கரத்தை வாங்கி விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினான். புது டயரின் ஓரத்தை ஒரு தடவை அமுக்கினான். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"டாக்டரம்மா, இது அதுல மாட்டாது."

எங்கள் ரிம் பழைய மாதிரி. விளிம்பு உள்ளே மடிந்திருக்கும், டயரின் ரப்பர் ஓரம் அந்த மடிப்பில் போய்க் கவ்விக்கொள்ளும். புது டயரில் ஓரத்துக்குள் கம்பி வளையம். அதற்கு வேறு ரிம். அளவு நம்பர் ஒன்றுதான், ஓரம் வேறு. காற்று அடித்தால் முதல் பள்ளத்திலேயே டயர் கழன்று ஓடுமாம்.

மனுவில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. ஞாபகம் இருக்கிறது. ஓரம் எந்த வகை என்று. எனக்குப் புரியவில்லை. புரியாத கட்டத்தில் கோடு போட்டுவிடுவதுதானே நம் வழக்கம். போட்டேன். ஆபீசில் ஏதோ ஒரு வகையை எழுதி அனுப்பிவிட்டார்கள். நோயாளியிடம் ஒரு கேள்வியை விட்டுவிட்டால் நர்சைத் திட்டுகிறவள் நான்.

டீலர் திருப்பி எடுக்க மாட்டார். இன்னொரு மனு, இன்னொரு நாலு மாதம். செல்லத்துக்கு ஒரு வாரம்.

வீட்டுக்காரர் சக்கரத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சவரிமுத்து கொட்டகைக்குப் பின்னால் போய் இரண்டு ரிம் கொண்டுவந்து போட்டான். பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட உடைந்த வண்டியிலிருந்து. ஒன்று அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது. "உங்க சக்கரத்துக் கம்பிய எல்லாம் பிரிச்சி, வெட்டி, இந்த ரிம்முல கோத்துக் குடுக்கறேன். சக்கரத்துக்கு ஏழு ரூபா. ரிம்மு ஒண்ணு ஆறு. மாட்டுகூலி அதுலயே அடங்கிடும்."

இருபத்தாறு ரூபாய்! முன்பணம் கொடுக்கப் போனேன், கையை மடக்கிக்கொண்டான்.

"இப்ப வாணாம். நான் மாட்டுன சக்கரத்துல மொதல்ல நான்தாம்மா குந்திப் போவேன். போயி எறங்குனப்பறம் கூலி. இங்க எல்லாருக்கும் அப்பிடித்தான்."

ஜம்பம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 15. வியாழன்

நேற்று இரவே கடலூர் திருப்பாப்புலியூரில் நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் மட்டும். வேலை நடக்கிறதா என்று மேலே நின்று விரட்டுவதற்கு. விரட்டவில்லை. காலை எட்டிலிருந்து நாலு வரை ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்தேன். சாப்பிட மறந்துபோயிற்று.

எப்படி எழுதுவது.

ஒரு சக்கரத்துக்கு நாற்பது கம்பி. அத்தனையும் பிரித்துக் கோணிமேல் வரிசையாக வைத்தான். அளவுகோல் கிடையாது. ஒரு நூல், நூலில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பியையும் முடிச்சில் வைத்து வெட்டி, நுனியில் மரை போட்டு, ரிம்மில் கோத்தான். ஒன்று மேலே, ஒன்று கீழே, குறுக்கே. நாற்பதில் ஒன்றுகூட நீளமோ குட்டையோ இல்லை. நெளிந்த ரிம்மை முட்டியில் வைத்து இரண்டே அழுத்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒடியவில்லை.

பிறகு கோட்டம் எடுப்பது. சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுற்றவிட்டு, விளிம்புக்குப் பக்கத்தில் சாக்குக் கட்டியை அசையாமல் பிடிக்கிறான். எங்கே கோணலோ அங்கே மட்டும் வெள்ளை படுகிறது. அந்த இடத்தில் கம்பியைக் கால் திருகு. துடைத்துவிட்டு மறுபடி சுற்று. முதலில் வெள்ளை விரல் நீளம். பிறகு முழ நீளம். பிறகு பாதி வட்டம். நடுநடுவே கம்பிகளை விரலால் தட்டிக் காது கொடுக்கிறான்.

"இது இன்னும் வாய் தொறக்கல."

எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவன் திருகிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. மூன்று மணிக்கு வெள்ளைக் கோடு விளிம்பைச் சுற்றி முழுசாக, மயிரிழையாக, எங்கும் அறாமல் விழுந்தது. சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், இது என் நோட்டு.

டயர் மாட்டினது கடைசியில். சோப்புத் தண்ணீர், இரண்டு நெம்பு கம்பி, மிச்சமெல்லாம் குதிகால். கடிகாரம் பார்த்தேன். ஒன்பது நிமிஷம். அரை மணிகூட இல்லை!

எத்தனை வருஷம் ஆயிற்று கற்றுக்கொள்ள என்று கேட்டேன்.

"இருவத்தாறு வருசம் ஆவுது. அதுல மொத ஆறு வருசம் கெடுத்ததுதான் ஜாஸ்தி."

மதராசில் படிக்கிறபோது பெரிய சர்ஜன்களின் கைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிக் கை இரண்டோ மூன்றோ.

இரண்டாவது சக்கரம் நாளை. சனிக்கிழமை ஒரு லாரி வேலை. ஞாயிறு பூசை, வர மாட்டார். திங்கள் காலை ரயிலில் அவரே கொண்டுவந்து மாட்டுகிறார்.

("அவர்" என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.)

பிப்ரவரி 17. சனி

ஓ.பி. 31. சொறி, சொறி, இருமல், சொறி. அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பையன் ஒருவன், பரீட்சை ஜுரம்.

வீட்டுக்காரர் சாம்பாரில் உப்பில்லை என்றார். எனக்குத் தெரியவே இல்லை. சக்கரமில்லாத வண்டி கொல்லையில் செங்கல்மேல் நிற்கிறது. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து போய்ப் பார்க்கிறேன். இன்றைக்கு வேண்டாம் செல்லம். நாளைக்கும் வேண்டாம்.

பிப்ரவரி 19. திங்கள்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். 

சவரிமுத்து (இனிமேல் ச.மு.) ஒன்பது மணிக்கு வந்தார். முன் சக்கரம் மாட்டி, பின் சக்கரத்துக்கு நட்டு முறுக்கிக்கொண்டிருக்கும்போதே சைக்கிளில் ஆள். செல்லத்தின் கொழுந்தன். மூச்சு வாங்குகிறது. "விடியறப்பவே வலி எடுத்துடுச்சிங்க. தண்ணி இன்னும் ஒடையல." நல்ல வேளை.

வீட்டுக்காரர் ஓட்ட, நான் சைடுகாரில், ச.மு. அவருக்குப் பின்னால் குந்திக்கொண்டார். இறங்குங்கள், கனம் என்றேன். "மொத சவாரி என்துதாம்மா" என்றார். வாதாட நேரமில்லை.

பதினாறு மைல், பிறகு ஏரிக்கரை மண் பாதை. என் தொட்டிலின் சக்கரம் மட்டும் பழைய டயர். முள் வந்தால், கல் வந்தால், ச.மு. வலது பக்கம் வண்டிக்கு வெளியே உடம்பு முழுவதையும் சாய்த்துத் தொங்குகிறார். என் பக்கம் லேசாகி, பழைய டயர் பூப்போல ஏறி இறங்குகிறது. வழி நெடுக இப்படியே. ஏரி வெள்ளி மாதிரி விரிந்து கிடந்தது. அதையும் பார்த்தேன், அந்த மனுஷனையும் பார்த்தேன்.

செல்லம் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். குழந்தை குறுக்கே, தலை இடது பக்கம். துடிப்பு இருந்தது. கை கழுவினேன். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியிலிருந்தே. ஒரு கை தலையில், ஒரு கை பிருஷ்டத்தில். வலி வந்தால் அசையாமல் பிடி. விட்டால் ஒரு விரற்கடை. அவசரப்பட்டால் போயிற்று. கால் திருகு, கால் திருகு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது. திடீரென்று கைக்குள் அது தானாக உருண்டது. தலை கீழே வந்து உட்கார்ந்தது. எத்தனை தடவை செய்திருப்பேன். இன்றைக்குத்தான் என் கையை நானே வேடிக்கை பார்த்தேன்.

தண்ணீரை உடைத்துவிட்டேன். இரண்டே முக்காலுக்குப் பெண்.

"அழுவுதா?" என்றாள் செல்லம். அழுது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. மறுபடி, "அழுவுதா டாக்டரம்மா?" முன்னால் இரண்டும் அழவே இல்லை, பாவம். குழந்தையை அவள் காதோடு வைத்தேன். அப்புறம்தான் நம்பினாள்.

வாசலில் மாமனார். முகமெல்லாம் பல். பீஸ் எவ்வளவு என்றார். பதினைந்து என்றேன்.

"ஏம்மா, திருப்பி வுட்டது அரை மணி நேரம். மிச்சமெல்லாம் அவளேதான் பெத்தா. அரை மணி நேரத்துக்குப் பதினஞ்சா?"

ச.மு. வண்டியண்டை குந்தி, டயர் சுடுகிறதா என்று உள்ளங்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. எனக்கு முகம் சுட்டது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. கிழவர் கேலி என்று நினைத்து உள்ளே போய்ப் பத்து ரூபாயும் இரண்டு விரால் மீனும் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன்.

சிதம்பரம் ஸ்டேஷனில் ச.மு. இறங்கினார். சக்கரத்தை ஒரு தடவை கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டினார். "வாங்கிக்குங்க" என்று முப்பது கொடுத்தேன். எண்ணி, நாலைத் திருப்பினார்.

"பேசுனது இருவத்தாறு."

மீன் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 21. புதன்

பனி குறைவு. இடுக்கி, கத்தரி எல்லாம் கொதிக்க வைத்தாயிற்று. கொழுந்தன் வந்து சொன்னான்: குழந்தை பால் குடிக்கிறது, தாய்க்கு ஜுரம் இல்லை.

சைடுகார் டயருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். அதே கட்டம். கோடு போடவில்லை. ச.மு.வுக்கு ஒரு கார்டு போட்டேன்: இந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், வந்ததும் நீங்களே மாட்டித் தர வேண்டும்.

கூலி எவ்வளவு என்று கேட்கவில்லை.