மணலில் வழுக்காத சைக்கிள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதலாம், உன் அம்மாவின் முழங்கைதான் ஒத்துக்கொள்ளாது. மூன்று வாரத்துக்கு முன்னால் தையல் கம்பெனியிலிருந்து வரும்போது சைக்கிளோடு விழுந்துவிட்டாள், பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, தையல் போட்டிருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் மணலில் வழுக்கிவிட்டது என்றாள். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன், அந்தச் சாலையில் பேருக்குக்கூட மணல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனது என்றால் யாரோ புண்ணியவான் என்கிறாள், அந்தப் புண்ணியவானுக்கு முகமும் இல்லை, வண்டியும் இல்லை.

இதற்கிடையில் உன் சித்தப்பா தினமும் வர ஆரம்பித்தான். கூப்பிட்டாலே வராதவன், ஆப்பிளும் கையுமாக வந்து அண்ணி கை எப்படி இருக்கு என்று கேட்கிறான், என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, அவன் உள்ளே இருந்தபோது நான் கீழே போய் அவன் காரைச் சுற்றிவந்தேன். டிரைவர் பக்கத்துக் கதவு விளிம்பில் பச்சைப் பெயின்ட், அம்மாவின் சைக்கிள் நிறம். மேலே வந்து கேட்டேன், நாற்காலியிலேயே கூனிக்குறுகிவிட்டான். சாலையோரம் காரை நிறுத்தியவன் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்திருக்கிறான், அம்மா அதில் மோதி நடுச்சாலையில் விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த பஸ்காரர் மட்டும் பிரேக் போடாமல் இருந்திருந்தால் உனக்கு நான் எழுதுகிற கடிதமே வேறாக இருந்திருக்கும். "சொன்னா அண்ணன் தம்பி பேச்சு நின்னுபோயிடும்னுதான் மறைச்சேன்" என்றாள் அம்மா. நின்றுதான் போனது. பிறகு அவளே, "நீங்க பேசாம இருந்தா என் கை ஆறிடுமா" என்று கேட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவனை அதே சைக்கிளில் அதே சாலைக்கு அனுப்பினேன், சந்துக்குள் புகுந்து ஏமாற்றிவிடுவானோ என்று முனையில் நின்று பார்த்தேன். சட்டை நனைந்து திரும்பிவந்தான், "நிக்கிற ஒவ்வொரு காரும் கதவைத் திறக்கப்போற மாதிரியே இருக்கு அண்ணே" என்றான். இப்போதெல்லாம் கார்க் கதவை அதிலிருந்து தள்ளியிருக்கிற இடது கையால்தான் திறக்கிறான், அப்போது உடம்பு தானாகப் பின்பக்கம் திரும்பிவிடும். ஆனாலும் அவன் கார் வரும்போது நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

நீயும் நின்றிருக்கிற வண்டிகளை ஒட்டி ஓட்டாதே, ஒரு கதவு அகலம் விட்டுப் போ, பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அப்புறம் ஒரு விஷயம். நீ கடைசியாக அனுப்பிய படத்தில் உன் சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் புதிதாகப் பளபளக்கிறது. பழைய சக்கரத்துக்கு என்ன ஆனது? அம்மாவைக் கேட்டேன், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பு எரியவே இல்லை.

நல்லபடியாக இரு, நெடுங்காலம் இரு. பதிலை என் பேருக்கே எழுது.

உன் அப்பா